முதல் பரிசுக் கிழங்கை வெட்டியது

வேலையை விட்டு நின்றவர்கள்தான் அனுபவம் எழுதுவார்கள். அவர்களுக்குத் தலை நரைத்திருக்கும், சால்வை போட்டு அனுப்பி வைத்திருப்பார்கள். எனக்கு முப்பத்தொரு வயதுதான் ஆகிறது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. யாரும் சால்வை போடவில்லை, நானாகத்தான் வேலையை விட்டேன். இருந்தாலும் எங்கள் ஊர் விவசாயக் கண்காட்சியில் சின்ன வயதிலிருந்து போட்டிக் காய் மேஜையில் வேலை பார்த்தவள் என்பதால், விழா மலர் போடுகிற கமிட்டிக்காரர்கள் என்னையும் எழுதச் சொல்லிவிட்டார்கள். தப்பு இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்வதாகச் சொன்னார்கள்.

அவர்கள் சொன்னதற்காக மட்டும் நான் எழுத உட்காரவில்லை. மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தட்டு அடுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று போன வாரம் கூப்பிட்டிருந்தார்கள். சாமான் பெட்டியைப் பிரித்ததும் ஒரு பிள்ளை கத்தியை எடுத்துப் பார்த்தது.

"அக்கா, இது எதுக்குக்கா?"

"ஜட்ஜுக்கு ரெண்டு தட்டு சமமாத் தெரிஞ்சா, கெழங்கை வெட்டிப் பாக்க."

"ஐயே! வெட்டி வச்சா போட்டோவுல அசிங்கமா இருக்காதா? இந்த வருசம் வெட்ட வேணாம்னு கமிட்டியில பேசிக்கிறாங்களேக்கா. டூரிஸ்டு எல்லாம் செல்ஃபி எடுக்க வாராங்கல்ல."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. போன வருடம் அது மேஜைப் பக்கமே இல்லை. "இருக்கட்டும், உள்ள வை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அங்கே சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலரில் மைதானத்தின் வரலாறும் வர வேண்டுமாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் காதால் கேட்டதுதான். இப்போது பெரிய மேடை, தகரக் கொட்டகை, நுழைவாயில் வளைவு எல்லாம் இருக்கிற இந்த இடம் முன்பு எருமைகள் படுத்துக் கிடக்கிற சதுப்பு. உருளைக்கிழங்கு பயிர் போட்ட ஆட்கள் சிலரும் அப்போதிருந்த பங்குச் சாமியாரும் சேர்ந்து கண்காட்சி நடத்த இடம் தேடியபோது, யாருக்கும் வேண்டாத நிலம் இது ஒன்றுதான் இருந்திருக்கிறது. அதனால் நுழைவுக் கட்டணமாகக் காசு வாங்காமல் கல் வாங்கினார்களாம். காய் கொண்டுவருகிறவர் தன் காட்டில் பொறுக்கிய கல்லையும் ஒரு கூடை கொண்டுவர வேண்டும். காயை மேஜையில் வைத்துவிட்டு, கல்லைச் சதுப்பில் கொட்டிவிட்டுப் போக வேண்டும். இப்படி வருடா வருடம் கொட்டிக் கொட்டித்தான் மைதானம் மேடாகியிருக்கிறது. நாம் நிற்கிற தரைக்கு அடியில் இருப்பது ஊர்க்காரர்களின் வயல் கல்.

வடக்கு மூலையில் மட்டும் இன்னும் தண்ணீர் ஊறும். உள்ளூர்க்காரர்கள் யாரும் அங்கே கடை போட மாட்டார்கள். ஒரு தடவை ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த பஜ்ஜிக் கடைக்காரர் யாரையும் கேட்காமல் அங்கே அடுப்பு போட்டுவிட்டார். மதியத்துக்குள் அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து எண்ணெய்ச் சட்டியும் சாய்ந்துவிட்டது. "ஏலே, உங்க ஊர் பூமிக்கு முதுகெலும்பே இல்லையாலே!" என்று அவர் கத்தியதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

கொரோனாவில் கண்காட்சி நடக்கவில்லை. சுண்ணாம்பில் வட்டம் போட்டு ஆள்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, இந்த மைதானத்தில்தான் காய்கறி விற்றார்கள். நானும் வட்டம் போட்டேன். இப்போது பாதி மைதானத்துக்குக் கல் பதித்து கார் நிறுத்தப் போகிறார்களாம். வடக்கு மூலையை என்ன செய்யப்போகிறார்கள் என்று பார்க்கத்தான் போகிறேன்.

நான் முதலில் சேர்ந்தது கூட்டுகிற வேலைக்கு. ஒரு நாள் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டிருந்தபோது கிளாரா டீச்சர், "உன் கையைக் காட்டு" என்றார். மிஷன் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், மேஜைக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. காலையில் பூண்டு பிடுங்கிவிட்டு வந்திருந்தேன். நகம் முழுக்க மண். கையைப் பாவாடைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். "திருடுனியா? இல்லல்ல? அப்ப காட்டு" என்றார். பார்த்துவிட்டு, "மண்ணு தெரிஞ்ச கைதான் மேஜைக்கு வேணும், ஆனா கழுவிட்டு வா" என்று சொல்லி ஒரு நார்த்துண்டைக் கொடுத்தார். வேலையில் சேர்ந்த கதை அவ்வளவுதான். முதல் வருடம் முழுக்க மணல் சலிக்கத்தான் விட்டார். இரண்டாம் வருடம் தட்டைத் தூக்க விட்டார். ஜட்ஜுக்குப் பின்னால் நடக்க விட்டதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான்.

டீச்சர் திட்ட மாட்டார். மே மாதத்திலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். நாம் தட்டைக் கோணலாக வைத்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். "இப்ப எனக்கு ஒண்ணும் தெரியல. நீ சரி பண்ணிட்டுச் சொல்லு, போட்டுக்கிறேன்" என்பார். நாம் சரிசெய்கிற வரை அந்தக் கண்ணாடி இல்லாத கண்ணோடு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். அதைவிட அடித்திருக்கலாம் என்று தோன்றும்.

பிள்ளைகளுக்காக உருளை மேஜையின் முறையை எழுதிவைக்கிறேன். ஒரு தட்டுக்கு ஆறு கிழங்கு. ஆறும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். கிழங்கைக் கழுவக் கூடாது, காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். கழுவினால் தோல் மினுங்கும், ஆனால் சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். தட்டில் சலித்த மணல் பரப்பி, முளைக் கண் நிறைய இருக்கிற முனை ஜட்ஜைப் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். பெயர் எங்கேயும் தெரியக் கூடாது. தட்டுக்கு அடியில் நம்பர் துண்டு மட்டும் இருக்கும். காய் வைத்தவர்கள் எல்லோரும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். ஜட்ஜ் நடக்கும்போது மேஜை ஆள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கேட்டதற்கு மட்டும்தான் பதில். முகத்தில் எதையும் காட்டக் கூடாது. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது, என் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். "நாளைக்கு ஜட்ஜுக்குப் பதிலா உன் மூஞ்சியவே உக்கார வச்சிரலாம்டி" என்று டீச்சர் கேலி செய்வார்.

இரண்டு தட்டு சமமாகத் தெரிந்தால் வெட்டு. எந்தக் கிழங்கை வெட்டுவது என்று ஜட்ஜ்தான் தொட்டுக் காட்ட வேண்டும். மேஜை ஆள் குறுக்கே ஒரே அழுத்தில் வெட்ட வேண்டும், ரம்பம் போல அறுக்கக் கூடாது. வெட்டிய முகம் மேலே பார்க்க, அதே தட்டில் வைத்துவிட வேண்டும். ஏன் வெட்ட வேண்டும் என்றால், உருளை வெளியே ராஜா மாதிரி இருக்கும், நடுவில் பொந்து விழுந்திருக்கும். அவசரமாகப் பெருத்த கிழங்கில்தான் அது வரும். மண்டியில் வியாபாரி மூட்டைக்கு ஒன்று எடுத்து வெட்டிப் பார்ப்பார். பொந்து தெரிந்தால் மொத்தச் சரக்கையும் ஒதுக்கி வைத்துவிடுவார்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் பரிசு என்பது பெயருக்கு ஒரு எவர்சில்வர் குடம்தான். ஆனால் எந்தத் தட்டு ஜெயிக்கிறதோ, அந்த ஆளிடம்தான் அடுத்த போகத்துக்கு ஊரே விதைக்கிழங்கு வாங்கும். அது இத்தனை வருடப் பழக்கம். அந்தத் தட்டில் பொந்து இருந்தால் அடுத்த வருடம் ஊரெல்லாம் பொந்து விளையும் என்பது எங்கள் பயம்.

டீச்சர் முறை தவறி நான் பார்த்ததே இல்லை. ஒருவர் கேரட்டை பிளேடால் சீவி ஒரே அளவாக்கி, எண்ணெய் தடவிக் கொண்டுவந்தார். டீச்சர் ஒரு கேரட்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "தம்பி, வாசமா இருக்கே, தலைக்கும் இதே எண்ணெய்தானா?" என்று கேட்டார். அந்த ஆள் தன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு போய்விட்டார். தன் சொந்தத் தம்பியின் முட்டைக்கோஸை, "இலையில பூச்சி முட்டை" என்று இரண்டாம் வரிசைக்குத் தள்ளியவர் டீச்சர். அந்தத் தம்பி கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கே வரவில்லை.

என் வீட்டுக்காரர் அந்தோணியை நான் பார்த்ததும் அந்த மேஜையில்தான். உருளைத் தட்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். நான் கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, கெழங்கைப் பாக்குறியா, என்னையப் பாக்குறியா?"

"கெழங்கைத்தான். அதுதான் பாக்குற மாதிரி இருக்கு."

அந்த வருடம் அவருக்கு மூன்றாம் இடம். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம். அதோடு அவர் தட்டு நின்றுபோனது. மேஜை ஆளின் வீட்டிலிருந்து யாரும் போட்டிக்குக் காய் வைக்கக் கூடாது என்பது விதி. ஜெனி பிறந்த பிறகு அவளைத் தோளில் வைத்துக்கொண்டு, வருடா வருடம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பார். "இவளக் கட்டி என் கெழங்கு வாழாவெட்டியாப் போச்சு" என்று பக்கத்தில் நிற்கிறவர்களிடம் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் ஜட்ஜுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்காமல் நடப்பேன்.

ஆனால் அவர் விதை எடுப்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு போகத்திலும் நல்ல செடியாகப் பார்த்துக் குச்சி நட்டு அடையாளம் வைத்து, அந்தக் கிழங்கைத் தனியாக எடுத்து வைப்பார். "ஒரே ஒரு தடவை வச்சுப் பாக்கணும் புள்ள. ஊரு என் விதைய வாங்கணும்" என்று ஒரு நாள் சொன்னார். அப்போது அவர் சிரிக்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் நான் டீச்சரிடம் போய், மேஜைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "புருசனுக்காகவா? போ. ஆனா தட்டு நல்லா இருக்கணும், ஆமா" என்றார்.

அறுவடை முடிந்தது. ஒரு நாள் வெள்ளனே பீன்ஸ் காட்டைப் பார்க்கப் போனவரைக் காட்டுமாடு முட்டிவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

கண்காட்சி வந்தபோது நான் வீட்டை விட்டே வெளியே வருவதில்லை. டீச்சர் ஆள் அனுப்பினார்: அந்தோணி பேர் பதிவில் இருக்கிறது, தட்டைக் கொண்டு வா. கொட்டிலில் விதை மூட்டைகளுக்குப் பக்கத்தில் மணல் போட்ட பெட்டி ஒன்றை என் வீட்டுக்காரர் ஆணியடித்து வைத்திருந்தார். நான் அதைத் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். அதைத் திறந்தேன். ஒவ்வொன்றும் பெரிய கிழங்கு. பார்த்ததும் பெட்டியை மூடிவிடப் பார்த்தேன். ஏனென்றால், எங்கள் வீட்டில் நான் வேகவைத்த பெரிய கிழங்கு எல்லாவற்றிலும் பொந்து இருந்தது. நான் அரிந்து அரிந்து பார்த்தவள். பெரிதாகப் பார்த்து வைத்துவிட்டாரே என்று நினைத்தேன். ஆனாலும் ஆறு எடுத்துத் துடைத்து, சேலை முந்தானையில் மூடி எடுத்துப் போனேன்.

விளைவித்தவர்தான் தன் கையால் கொண்டுவந்து வைக்க வேண்டும். அது முதல் விதி.

"டீச்சர், இது ரூல் இல்லையே."

"நான் பாத்துக்கிறேன். நீ வை."

டீச்சர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. என் கூச்சம் அங்கேயே தொடங்கிவிட்டது. தட்டு வைக்க இடத்துக்கு முட்டிமோதுகிற பெண்கள் எல்லோரும் எனக்கு வழி விட்டார்கள். ஒருத்தி தன் தட்டை நகர்த்தி நடுவில் இடம் கொடுத்தாள். "பாவம், வைக்கட்டும்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எத்தனையோ வருடம் அந்த மேஜையில் எல்லோருடைய காயையும் நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சேலையை இழுத்து மூடிக்கொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

ஜட்ஜ் மலைக்குக் கீழேயிருந்து வந்த சின்ன வயது அதிகாரி. பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் இரண்டு தட்டு நின்றது. ஒன்று எங்களுடையது. இன்னொன்று முத்துக்காளை அண்ணனுடையது. அவர் என் பக்கத்தில்தான் நின்றார். அதற்கு முந்தின வருடம் முதல் பரிசு வாங்கியவர். அந்தோணியோடு மண்டிக்கு ஒரே வண்டியில் சரக்கு ஏற்றுகிறவர்.

"ரெண்டும் சமமா இருக்கு மேடம். வெட்டிப் பாத்துரலாமா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

எனக்குப் பதிலாக வந்திருந்த பிள்ளை கத்தியை எடுத்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து இறக்கினார். "வெட்ட வேணாம். கண்ணுக்கே தெரியுதே, இதுவே இருக்கட்டும்" என்று எங்கள் தட்டைக் காட்டினார்.

சமமான தட்டு வெட்டப்படாமல் போனதை யாரும் பார்த்ததில்லை. நான் முத்துக்காளை அண்ணனைப் பார்த்தேன். அவர் சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல், "இருக்கட்டும் தங்கச்சி. அவன் வாங்க வேண்டியதுதான்" என்றார்.

அவர் கத்தியிருந்தால் கூட எனக்குப் பரவாயில்லை. எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பிச்சை போடுகிற மாதிரி அந்தப் பரிசை என் மடியில் போடுகிறார்கள் என்று தோன்றியது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெரியம்மா தோளைத் தொட்டு, "ராணி, எங்களுக்கு ரெண்டு மூட்டை வெதை வச்சிரு தாயி" என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த விதையை ஊரெல்லாம் போடும். அடுத்த போகத்தில் மண்டியில் வியாபாரி வெட்டுவார். ஒவ்வொரு மூட்டையிலும் பொந்து. யார் விதை என்று கேட்பார்கள். செத்தவரை ஊரே திட்டும். பதில் சொல்ல அவர் இருக்க மாட்டார்.

கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனேன்.

"டீச்சர், வெட்டணும்."

"ராணி, நீ போ. அப்பறம் பேசுவோம்."

"அப்பறம் இல்ல, இப்ப வெட்டணும். பாவம் பாத்துப் பரிசு குடுக்குறீங்க. உள்ள பொந்து, எனக்குத் தெரியும். வீட்டுல நான்தானே ஆக்குறேன், நான்தானே திங்கிறேன்!"

இவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. பஜ்ஜிக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். டீச்சர் கண்ணாடியைக் கழற்றவில்லை. என்னையே பார்த்தார். ஜட்ஜ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எங்கள் தட்டில் ஒரு கிழங்கைத் தொட்டுக் காட்டினார். அந்தப் பிள்ளை டீச்சரைப் பார்த்தாள். கத்தியை நானே வாங்கி வெட்டினேன்.

பொந்து இல்லை.

வெண்ணெய்க் கட்டியை வெட்டின மாதிரி இருந்தது. கீறல் கூட இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஜட்ஜ் தொடாமலே அடுத்ததை எடுத்து வெட்டினேன். அதிலும் இல்லை. அடுத்தது. அதற்கடுத்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. அவர் குச்சி நட்டு, பார்த்துப் பார்த்து எடுத்து, மணலில் புதைத்து வைத்த ஆறையும் ஊர் முன்னால் நான் வெட்டிப் போட்டேன். ஒன்றிலாவது ஓட்டை கிடைத்துவிடாதா என்று தேடின மாதிரி வெட்டினேன்.

"போதும்டி. கத்தியக் கீழ வை" என்றார் டீச்சர்.

இரண்டு தட்டையும் வெட்டுவதுதான் முறை. ஜட்ஜ் முத்துக்காளை அண்ணன் தட்டில் ஒன்றைத் தொட்டார். அந்தப் பிள்ளை வெட்டினாள். நடுவில் பழுப்பாக ஒரு கீறலும், கடுகு நுழைகிற அளவுக்குப் பொந்தும் இருந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அந்த இடத்திலேயே மைதானம் என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. விட்டுக்கொடுத்துவிட்டு மரியாதையாக நின்ற மனுசன் அவர். அவர் தட்டை வெட்ட வைத்தது நான்.

அவர்தான் முதலில் சிரித்தார். "அடி பாவி! பொந்து என் தட்டுலல்ல இருந்துருக்கு! பேசாம வாங்கிட்டுப் போயிருந்தா என் மானமாச்சும் மிஞ்சியிருக்கும்."

"அண்ணே, எங்க வீட்டுல எல்லாக் கெழங்குலயும்..." என்று தொடங்கினேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "ஏ தங்கச்சி, வீட்டுக்கு வந்தது எது? கழிச்சுப் போட்டதுதான? பெருத்து, பொந்து விழுந்து, மண்டிக்காரன் வேணாம்னது. என் வீட்டுலயும் அதத்தான் திங்கிறாங்க. நல்ல கெழங்கு என்னைக்கு ஆத்தா நம்ம அடுப்புக்கு வந்துருக்கு? இது அவன் செவத்தோரத்துல நெருக்கி நட்டு, நிதானமாப் பெருக்க விட்டு எடுத்தது. நான்தான் கூட நின்னு பாத்தேனே."

பக்கத்தில் நின்ற பெண்கள் தலையை ஆட்டினார்கள். அவர்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. நல்லது மண்டிக்கு, அடுத்தது விதைக்கு, யாருக்கும் ஆகாதது வீட்டுக்கு. எந்த வீட்டுக்காரியும் தன் புருசன் விளைவித்ததில் நல்லதைத் தின்றதில்லை. நானோ கழித்துப் போட்டதைத் தின்றுவிட்டு, அதை வைத்து அவரை எடை போட்டிருக்கிறேன். மேஜையில் இத்தனை வருடம் அடுத்தவர் கிழங்கைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. என் வீட்டுக் கிழங்கை ஒரு தடவை கூட மேஜைக் கிழங்காகப் பார்த்ததில்லை.

குடத்தை வாங்கும்போது யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நெனச்சதுதான்டி நானும் நெனச்சேன். அவ்ளோ பெரிய கெழங்குல பொந்து இருக்கும்னு. அதான் வெட்ட விடல. உன் கண்ணு முன்னாடி அவனை வெட்டச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

"பரிசு குடுக்கணும்னுதான டீச்சர் நெனச்சீங்க."

"குடுக்கணும்னு நெனச்சேன். நம்பிக் குடுக்கலையே."

அவருக்குக் கண் கலங்கியது. என் கையை விட்டுவிட்டு மேஜைப் பக்கம் போய், வெட்டின கிழங்குகளைப் புது மணலில் தானே அடுக்கினார். பன்னிரண்டு பாதியும் முகம் மேலே பார்க்க, ஒரு விரல் இடைவெளி விட்டு. சாயங்காலம் வரை ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அவர் மேஜைக்கு வருவதை விட்டுவிட்டார். மூட்டுவலி என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறார். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஆகவே பிள்ளைகளே, கத்தியைப் பெட்டியை விட்டு எடுத்துவிடாதீர்கள். கமிட்டி அண்ணன்மாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. வெட்டாமல் கொடுத்திருந்தால் அந்தக் குடத்தை நான் திண்டுக்கல் பஸ்ஸிலாவது மறந்த மாதிரி விட்டுவிட்டு வந்திருப்பேன். பொந்து என்றே சாகிற வரை நினைத்திருப்பேன். வெட்டினதால் எனக்கு வெட்கம்தான் மிஞ்சியது. இன்றைக்கும் முத்துக்காளை அண்ணன் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுகிறேன். அவர் சும்மா விடுவதில்லை, "ஏ தங்கச்சி, கத்தி கையில இருக்கா?" என்று தூரத்திலிருந்தே கேட்பார். அவருக்கும் சேர்த்துத்தான் விதை கொடுத்தேன். ஊர் முழுக்க இந்த வருடம் அந்தோணி விதைதான் போட்டிருக்கிறது. என்ன விளையும் என்று எனக்குத் தெரியாது. அவர் ஆசைப்பட்டது நடந்தது என்பது மட்டும் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மணல் பெட்டியில் மீதியிருந்த கிழங்கில் இரண்டை எடுத்தேன். விதைக்கு எடுத்து வைத்ததைத் தொடக் கூடாதுதான். தொட்டேன். தோலோடு வேகவைத்தேன். பக்கத்து வீட்டிலிருந்து ஜெனியைக் கூட்டிவந்து உட்கார வைத்து, ஒன்றை இரண்டாகப் பிட்டு அவள் தட்டில் வைத்தேன். பிட்டதும் மாவாக மலர்ந்து ஆவி வந்தது. நான் ஒரு வாய் தின்றேன். இவ்வளவு ருசியாக எங்கள் காட்டில் விளையும் என்று எனக்குத் தெரியாது.

ஜெனி தின்னவில்லை. கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் நடுவில் குத்தினாள். அவள் பிறந்ததிலிருந்து கிழங்கின் ஓட்டைக்குள் உப்பை நிரப்பி, அதைச் சுற்றிக் கடித்துத் தின்றுதான் பழக்கம்.

"அம்மா, இதுல ஓட்டையக் காணோம்மா. உப்பை எங்க வைக்க?"

நான் உள்ளங்கையை நீட்டி, இதில் வைத்துத் தொட்டுக்கொள் என்றேன்.